ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்தவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நேரில் பேசும்போது சல்லடை அக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் அக்காவை விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் எழுதும் கணினி நிரலைப் படித்துப் பார்த்து, அது உள்ளே போகலாமா கூடாதா என்று சொல்வதுதான் அவள் வேலை. அவள் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தாமல் ஒரு வரிகூட உள்ளே நுழைய முடியாது. “இது என்ன செய்யுதுன்னு படிச்சாலே தெரியுது. ஏன் செய்யுதுன்னு மேல ஒரு வரி எழுதுங்க” என்று திருப்பி அனுப்புவாள். வருடக்கணக்காக இதே பாட்டுத்தான். எழுதுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுப்பார்கள்.

வயது நாற்பத்தொன்பது. வலது தோளில் தீராத வலி, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, நாளுக்கு ஆறு டீ. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் அவனைத்தான் திட்டுவாள். “நான் என்ன பண்ணட்டும், ரெண்டு வீட்டுக்கு நடுவுல குழி தோண்டட்டுமா?” என்பான் அவன். பிள்ளை வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். ஞாயிறு தவறாமல் பேசுவான், மற்ற நாளில் தவறியும் பேசமாட்டான்.

அவள் கம்பெனி பார்த்துக்கொண்டது ஒரே ஒரு மென்பொருளைத்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மையங்கள் ஆறு. ஒவ்வொரு மையத்திலும் எட்டோ பத்தோ இயந்திரங்கள். இன்றைக்கு யார், எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தில் என்ற பட்டியலை விடியற்காலையில் அந்த மென்பொருள் அச்சடித்துத் தரும். பட்டியலில் பெயர் இருந்தால் படுக்கை. வாரத்துக்கு மூன்று முறை அந்தப் படுக்கையில் நான்கு மணி நேரம் கிடந்தால்தான் அடுத்த வாரத்தைப் பார்க்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள்தான் அங்கே வருகிறவர்கள்.

மென்பொருளுக்கு வயது இருபத்திரண்டு. அவள் இந்த வேலையில் சேர்ந்த அதே வருடம் பிறந்தது. முதல் மூன்று வருடம் அவளும் அதில் எழுதியவள்தான். அதற்குப் பிறகு படிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஆள் மாற்றி ஆள் எழுதியதில், ஓட்டைக் குடம்போல அங்கங்கே அடைப்பும் பூச்சுமாக இருந்தது. அது எழுதப்பட்ட கணினி மொழியையே இப்போது யாரும் படிப்பதில்லை. ஆகவே முழுவதையும் புது மொழிக்கு மாற்றுவது என்று போன வருடம் முடிவானது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரிகள். எழுத ஒன்பது பேர். படிக்க அவள் ஒருத்தி.

ஆரம்பத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் படித்தாள். பழைய வரியை இந்தப் பக்கம், புதிய வரியை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரம். மூன்றாம் மாதம் மேலாளர் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, திரையில் ஒரு வரைபடம் காட்டினார். வரைபடம் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுதுகிறவர்கள் எல்லோரும் பச்சை, படிக்கிற இடத்தில் மட்டும் ரத்தச் சிவப்பு. நூற்றுப்பத்து மாற்றங்கள் அவளுக்காகக் காத்துக் கிடந்தன. “நான் யாரையும் குறை சொல்லலை” என்றார் மேலாளர், அவளைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு எல்லார் முன்னாலும் கூனிக் குறுகிப்போனாள். அடுத்த வாரம் முதல் ஒரு மாற்றத்துக்கு இருபது நிமிடம். பிறகு பத்து. ஐந்தாம் மாதம் சிவப்பு பச்சையானபோது மேலாளர் கை தட்டினார். சல்லடையில் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் எக்ஸ்பிரஸின் மாற்றம். எக்ஸ்பிரஸ் என்பது எழுதுகிறவர்களில் ஒருவன். முப்பத்திரண்டு வயது, இரட்டைக் குழந்தைகளின் தகப்பன், கை வேகம் ரயில் வேகம் என்பதால் அந்தப் பெயர். நோயாளியின் விவரங்களைச் சரிபார்க்கும் பகுதியை மாற்றி எழுதியிருந்தான். நூறு வயதுக்கு மேல் யாராவது இருந்தால் தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கும், அந்தப் பதிவைத் தனியே ஒதுக்கி வை என்பது பழைய விதி. அது புதியதிலும் இருந்தது. ஆனால் பழையதில் அதற்கு முன்னால் இன்னும் ஏழு வரிகள் இருந்தன. பிறந்த வருடம் 1900 என்று இருந்தால் வயதைப் பார்க்காமல் உள்ளே விடு என்றன அந்த ஏழு வரிகள். ஏன் என்று மேலே ஒரு குறிப்பும் இல்லை.

எக்ஸ்பிரஸ் வேகக்காரனே தவிர மடையன் இல்லை. மாற்றத்தின் அடியில் கேள்வி எழுதி வைத்திருந்தான்: “அக்கா, இந்த 1900 எதுக்குன்னு புரியலை. வெச்சிக்கவா, எடுக்கவா?”

யார் எழுதியது என்று பார்க்கத்தான் அவளும் போனாள். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நிரலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றியபோது பழைய சரித்திரமெல்லாம் போய்விட்டது. அதற்கு முந்தைய எல்லா வரிகளுக்கும் எழுதியவர் என்ற இடத்தில், அன்றைக்கு மாற்றிய கருவியின் பெயர்தான் நிற்கும். சோதனை ஓட்டம் எல்லாம் தேறிப் பச்சை காட்டியது. சோதனைக்கென்று உருவாக்கிய கற்பனை நோயாளிகள் ஆயிரம் பேரும் ஒழுங்காக ஒரு தேதியில் பிறந்தவர்கள். காத்திருந்த மாற்றங்கள் இன்னும் முப்பத்தாறு. தோள் வலித்தது.

“எந்தப் புண்ணியவான் எழுதினானோ! 1900-ல பொறந்தவர் இப்ப எங்க இருக்கார்? பழைய குப்பை, எடுத்துடுங்க” என்று எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நான்கு நிமிடம்.

புதிய மென்பொருள் ஒரு திங்கட்கிழமை ஓடத் தொடங்கியது. ஒரு கோளாறும் இல்லை. கேக் வெட்டினார்கள். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, மேலாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆறு மையங்களிலும் சேர்த்துப் பதினான்கு பேர் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். எல்லோருக்கும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று, 1900. பதிமூன்று பேரை நர்ஸ்களுக்கு முகம் தெரியும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன, வழக்கமாக வருகிறவர்தானே என்று பென்சிலால் எழுதிச் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். யாரும் புகார்கூடச் செய்யவில்லை. பதினான்காவது ஆள், மகள் வீட்டுக்குப் பக்கம் என்று மூன்று வாரம் முன்புதான் வேறு மையத்துக்கு மாறி வந்த ஒரு தையல்காரர். முதல் வாரம் செவ்வாயும் வியாழனும் அங்கிருந்த நர்ஸ் அவரையும் பென்சிலால் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை அந்த மையத்தில் புது நர்ஸ். பெயர் இல்லை, மாற்றலில் ஏதோ தாமதம், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். செவ்வாயும் பெயர் இல்லை. புதன்கிழமை காலை மகள் அவரை எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் திரையைத் திறந்து அந்த ஏழு வரிகளைத் தேடி எடுத்தாள். அடியில் அவள் எழுதியது அப்படியே இருந்தது. எங்கே இருக்கார் என்று அவளே கேட்டிருந்தாள். எழுந்து போய்க் கழிப்பறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம். மேலாளர், எக்ஸ்பிரஸ், அவள், கம்பெனி வக்கீல். நடுமேசையில் போன். அந்தப் பக்கம் மையங்களிலேயே பழைய ஆளான பதிவு எழுத்தர். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும் பெண்மணி. எதற்காக 1900 என்று போட்டீர்கள் என்று வக்கீல் கேட்டார்.

“நாங்களாவா போட்டோம்? அப்படித்தான் போடச் சொன்னாங்க” என்றது போன். “ஆரம்பத்துல தேதி போடலைன்னா ஸ்கிரீன் அடுத்த பக்கம் போகாது. வர்றவங்க பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ கையில ஒண்ணும் இல்லாம வந்தவங்க. தேதி தெரியாது. வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். அப்ப உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துது. சின்னப் பொண்ணு, கெட்டிக்காரி. ரெண்டு நாள் என் பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் பாத்துது. ‘தெரியலைன்னா ஜனவரி ஒண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டுடுங்கம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டுப் போச்சு. அன்னையிலேர்ந்து அப்படித்தான் போடறோம்.”

அவளுக்கு அந்த மர நாற்காலி ஞாபகம் வந்தது. கால் ஆடும், கீழே அட்டையை மடித்து வைத்திருப்பார்கள். கூடம் முழுக்க மருந்து வாடை. தேதி தெரியாமல் கை பிசைந்துகொண்டு நின்ற ஒரு கிழவரைப் பார்க்கச் சகிக்காமல் அவள் அதைச் சொன்னது, இரண்டாம் நாள் மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ஏழே வரி எழுதியது, மறுநாள் காய்ச்சலில் விழுந்தது. குறிப்பு எழுத வேண்டும் என்று நினைத்தாள். வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். அவ்வளவும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, நேற்று நடந்ததைப்போல. அந்த மாற்றத்தைப் படித்த நான்கு நிமிடத்தில் இதில் ஒரு துளி வந்திருக்கக் கூடாதா!

“அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா?” என்றார் வக்கீல்.

“பேர் ஞாபகம் இல்லைங்க. இப்ப எங்க இருக்கோ.”

“வேலையை விட்டுப் போயிருப்பாங்க” என்றார் மேலாளர். “இருபத்திரண்டு வருஷம்! யார் இருக்காங்க இங்க?”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நினைத்தாள். எக்ஸ்பிரஸ் பேய் அறைந்தவன்போல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்ததும் வாசலில் அவளிடம் வந்து, “அக்கா, நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றான். அவனுக்கு அவள் பதில் சொல்லாமல் போனது தவறு. மிகப் பெரிய தவறு என்று நான் சொல்வேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள், அடுத்த பேருந்து நிறுத்தம் வருவதற்குள்.

அன்று சாயங்காலம் நான்கு மாடி ஏறியும் அவள் திட்டவில்லை. கணவன் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ வேணும்னா பண்ணினே?” என்றான் அவன்.

“அதை அவர் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லட்டுமா? வேணும்னு பண்ணலைன்னு?”

“லிஃப்ட்ல ஒரு வயர் எதுக்குன்னு தெரியலைன்னா நாங்க வெட்ட மாட்டோம்” என்றான். ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தவன்தான், வாயில் அது வந்துவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையைச் சொல்லப்போனால், அன்றைக்கு அவளிடம் நேர்மையாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குப் போனாள். அறிக்கை தயாராக இருந்தது. எக்ஸ்பிரஸ் போதிய கவனம் காட்டவில்லை, அவனை வேலையிலிருந்து விலக்கலாம் என்று ஒரு பத்தி.

“அவன் கேள்வி கேட்டான். எடுக்கச் சொன்னது நான். அது பதிவுல இருக்கு” என்றாள். “இன்னொண்ணு பதிவுல இல்லை. அந்தப் பொண்ணு நான்தான்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மேடம், நீங்களே எழுதினீங்க, நீங்களே குப்பைன்னு எடுக்கச் சொன்னீங்கன்னு நான் இதுல எழுதினா, நாளைக்கே கம்பெனிக்குப் பூட்டு. நாப்பது குடும்பம். வேண்டாம். அவன் பத்தியை எடுத்துடறேன். உங்க பேரும் வேண்டாம். ‘யார் எழுதினதுன்னு தெரியாத பழைய நிரல், விளக்கக் குறிப்பு இல்லை.’ அவ்வளவுதான். அது பொய்யும் இல்லையே?”

“பொய்தான் சார்.”

“எக்ஸ்பிரஸுக்கு வேலை தங்கும். யோசிச்சுப் பாருங்க.”

எக்ஸ்பிரஸின் இரட்டைக் குழந்தைகளை நினைத்தாள். மென்று விழுங்கினாள். அறிக்கை அப்படியே போயிற்று. எழுதியவர் யாரென்று தெரியாத நிரல். எல்லோரும் பிழைத்தார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இல்லாதபோது சல்லடை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தையல்காரரின் மகள் வீட்டுக்குப் போனாள். முகவரி பதிவில் இருந்தது. போகக் கூடாது என்று வக்கீல் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். பெரிய சாலைக்குப் பின்னால், சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஜன்னல் ஓரம் ஒரு தையல் இயந்திரம், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. மகளுக்கு நாற்பது வயது இருக்கும். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்தா?” என்றாள்.

“இல்லைங்க. அந்த லிஸ்ட் போடற கம்ப்யூட்டர்… அதை எழுதற கம்பெனி.”

மகள் நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்றும் நிற்கவில்லை. ஆனாலும் சொன்னாள். தேதி தெரியாதவர்களுக்காக ஒரு வழி இருந்தது, அதை எடுத்துவிடச் சொன்னது நான், உங்கள் அப்பா பெயர் விழுந்துபோனது அதனால்தான், காகிதத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள் என்று சொன்னாள். அந்த வழியை முதலில் போட்டதும் நான்தான் என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை வந்தது, அதை வெளியே விடக் கூச்சமாக இருந்தது.

மகள் பையைக் கட்டி முடித்தாள்.

“தேதி தெரியாதவங்களுக்கா?” என்றாள் மகள்.

“ஆமா. பொறந்த தேதி தெரியாதவங்க நிறையப் பேர் அப்ப வந்தாங்க. அவங்களுக்காக…”

“எங்கப்பாவுக்குத் தெரியுமே.”

அவளுக்குப் புரியவில்லை.

“அப்பாவுக்கு அவர் பொறந்த தேதி நல்லாத் தெரியும். நேரம்கூடச் சொல்வார். மழை நாள்னு சொல்வார். நான்தான் அவரை மொத நாள் கூட்டிட்டுப் போனேன். கார்டு இருக்கான்னு கேட்டாங்க. எல்லாம் வெள்ளத்துல போச்சுன்னேன். சரின்னு அவங்களே ஏதோ தட்டிக்கிட்டாங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சுதேன்னு எங்களுக்குச் சந்தோஷம்.” மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தேதி என்னன்னு யாருமே கேக்கலைங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.”

கீழே சலவைக்கடையில் இயந்திரம் சுற்றும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. இப்போது அவள் உட்கார்ந்தாள்.

“என்ன தேதி?” என்று கேட்டாள்.

மகள் சொன்னாள். வருடத்தையும் சொன்னாள். அடுத்த மாதம் அவருக்கு அறுபத்தெட்டு முடிந்திருக்கும்.